ரேஷன் அரிசியில நெறம் மாறி கெடக்குற சத்து மணியைப் பொறுக்கி எறியாதீங்க

எங்க சின்னவளுக்கு ரெண்டு வயசுல விரல்ல குத்தி டெஸ்ட் பண்ணப்ப ஹீமோகுளோபின் 9தான் இருந்துச்சு, இந்த வயசுல 11க்கு கீழ போனாலே ரத்தசோகைன்னு நர்ஸ் அக்கா சொன்னதும் எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு. வீட்டச் சுத்தி நெல்லு வெளையுற தஞ்சாவூர் பக்கம் இருக்கோம், மூணு வேளையும் சோறுதான். ஆனா 2019-21 குடும்பநல சர்வேயில தமிழ்நாட்டுல 5 வயசுக்குள்ள உள்ள புள்ளைங்கள்ல 57 சதவீதத்துக்கு மேல ரத்தசோகை, அதுக்கு முந்துன சர்வேயில 50 சொச்சம். அதுக்கப்புறம்தான் எங்க அடுப்படியில என்ன தப்பு நடக்குதுன்னு பாக்க ஆரம்பிச்சேன்.

மொத தப்பு முறத்துலயே நடந்துச்சு. எங்க அத்தை ரேஷன் அரிசியைப் பொடைக்கும்போது கொஞ்சம் நெறம் மாறி கெடக்குற மணியெல்லாம் "இது பிளாஸ்டிக் அரிசிம்மா"ன்னு பொறுக்கி வெளிய போட்டுடுவாங்க. அது பிளாஸ்டிக் இல்லங்க, அரிசி மாவுல இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட், பி12 சேத்து மெஷின்ல அரிசி மாதிரியே பிழிஞ்சு எடுக்குறது, சத்து சேத்த ரேஷன் அரிசின்னா 100 கிலோவுக்கு இதுல 1 கிலோ கலந்திருக்கும். சத்து பூரா அந்த ஒரு கிலோவுலதான் இருக்கு, அதைப் பொறுக்கிட்டா மிச்சம் வெறும் அரிசிதான். சில மணி தண்ணியில மெதக்கும், அதையும் பாத்து பயந்துட்டு கழுநீரோட மாட்டுக்கு ஊத்திடுறோம். வேணும்னா நாலு மணியைத் தனியா வேக வச்சு நசுக்கிப் பாருங்க, மாவாத்தான் போகும். ஏழு தண்ணி ஊத்தி அலசாதீங்க, ரெண்டு தண்ணி போதும், வடிச்ச கஞ்சியைக் கீழ கொட்டாம உப்பு போட்டு புள்ளைக்கே குடுங்க.

நம்ம டெல்டாவுக்குன்னே ஒரு பழக்கம் இருக்கு, சொந்த நெல்லு அரைச்ச அரிசி வீட்டுக்கு, ரேஷன் அரிசி கோழிக்கு. மில்லுல வெள்ளையா தீட்டுன அரிசியில இரும்பு ரொம்ப கம்மி. கொள்முதல் நிலையத்துல நாமளே போட்ட நெல்லுதான் அரிசியாகி சத்து சேந்து ரேஷனுக்கு திரும்பி வருது, அதை ஏன் ஒதுக்கணும்? சோறா புடிக்கலன்னா இட்லிக்கு ஊறப்போடுங்க, மாவு புளிக்கும்போது இரும்பை உடம்புல சேரவிடாம தடுக்குற ஃபைட்டேட்டும் கொறையும், அது நல்லதுதான்.

ஆனா ரேஷன் அரிசி போட்டாச்சு இனி கவலையில்லன்னு நெனைக்குறதும் தப்பு. ஒரு கிலோவுல 28லேர்ந்து 42.5 மில்லிகிராம் வரைக்கும்தான் இரும்பு, ரெண்டு வயசு புள்ள ஒரு நாளைக்கு 60 கிராம் அரிசி சாப்டா ரெண்டு மில்லிகிராம் சொச்சம் போகும், தேவை 8. மிச்சத்துக்கு ஈரல், சுவரொட்டி, மீனு, முருங்கைக்கீரை, பயறு எல்லாம் வேணும், கூடவே ஒரு துண்டு கொய்யாவோ நெல்லிக்காயோ, அந்த வைட்டமின் சி இருந்தாத்தான் கீரையில உள்ள இரும்பு நல்லா ஒட்டும். பீட்ரூட் செவப்பா இருக்குன்னு ரத்தம் ஊறிடாது, அதுல இரும்பு கம்மிதான்.

டீ விஷயத்துல நான் கறாராவே சொல்றேன், புள்ளைக்கு டீயில பொறை தொட்டு ஊட்டவே ஊட்டாதீங்க, அது இரும்பை உறிஞ்ச விடாது. ஒரு வயசு ஆகுறதுக்குள்ள தாய்ப்பாலுக்குப் பதிலா பசும்பால் குடுத்து பழக்குறதும் வேண்டாம். அங்கன்வாடி சத்துமாவு பாக்கெட் குழந்தைக்குன்னு குடுக்குறது, வீட்டுல எல்லாரும் பங்கு போட்டா அதுக்கு என்ன மிஞ்சும்?

வயல்லயும் வாய்க்கால் கரையிலயும் வெறுங்காலோட ஓடுற புள்ளைங்களுக்கு கொக்கிப்புழு பாதம் வழியா உள்ள போயி ரத்தத்தை உறிஞ்சும், அதனால பூச்சி மாத்திரையை தவற விடாதீங்க, செருப்பு போட்டு விடுங்க.

வாரம் ரெண்டு தடவை குடுக்குற இரும்பு சிரப் 1 மில்லி, அதைப் பால்ல கலக்காதீங்க. ஆய் கருப்பா போனா பயந்து நிறுத்தாதீங்க, அது சிரப்பால வர்றதுதான். தலசீமியா, சிக்கிள் செல்னு பரம்பரையா வர்ற ரத்த நோய் இருக்குற புள்ளைன்னா டாக்டரைக் கேக்காம இரும்பு எதுவும் சேக்கக்கூடாது. அம்மாவோட சத்து மாத்திரை டப்பாவை புள்ளைக்கு எட்டாத பரண்ல வைங்க, மிட்டாய்னு நெனச்சு நெறைய முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து, அப்படி ஆச்சுன்னா கை வைத்தியம் பாத்துக்கிட்டு நிக்காம உடனே 108க்கு போன் பண்ணுங்க.