பிஸ்டோரியஸ் வழக்கைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் நம்மவர் வீட்டு விசேஷங்களில் ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் பேச்சு இன்றும் எழுவதுண்டு. "தெரிந்தேதான் காதலியைச் சுட்டான் என்று மேல் கோர்ட்டே சொல்லிவிட்டது" என்று யாராவது ஒருவர் அடித்துச் சொல்வார். அந்தத் தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2013 பிப்ரவரி 14 அதிகாலையில், பிரிட்டோரியாவில், பிஸ்டோரியஸ் தன் வீட்டில் பூட்டிய கழிப்பறைக் கதவின் வழியே நான்கு குண்டுகள் சுட, உள்ளே இருந்த காதலி ரீவா ஸ்டீன்காம்ப் உயிரிழந்தார். திருடன் புகுந்துவிட்டதாக நினைத்தே சுட்டேன் என்றார் பிஸ்டோரியஸ். ஜாமீன் விசாரணையின்போதே, வீட்டில் ஊக்கமருந்தாகவும் பயன்படும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் கிடைத்தது என்று துப்பறியும் அதிகாரி சொன்னார். ஆய்வு முடியாமல் இன்ன மருந்து என்று சொல்ல இயலாது என அரசுத் தரப்பே விரைவில் திருத்தியது. திருத்தம் எத்தனை பேர் காதில் விழுந்தது? முதல் நாள் செய்தியைச் சாட்சியமாக எண்ணுவது பெருந்தவறு. கூண்டில் பிஸ்டோரியஸ் அழுததையும் வாந்தியெடுத்ததையும் வைத்துக் குற்றத்தை அளப்பதும் அப்படியே.

அக்கம்பக்கத்தார் ஒரு பெண்ணின் அலறலையும் அதன்பின் வெடிச்சத்தத்தையும் கேட்டதாகச் சாட்சி சொன்னார்கள். அவர்களுள் ஒரு தம்பதியின் வீடு 177 மீட்டர் தொலைவில் இருந்தது. அவர்கள் பொய் சொன்னதாக நினைக்கக் கூடாது. ஆனால் நீதிபதி தொகோஸிலே மசிபா, நினைவை விடத் தொலைபேசி அழைப்புகளின் நேரப் பதிவுகளையே உறுதியாகக் கொண்டு, கடைசியாகக் கேட்ட சத்தம், சுட்ட பிறகு பிஸ்டோரியஸ் கிரிக்கெட் மட்டையால் கதவை உடைத்தது என்று முடிவு செய்தார். அப்படியானால், அந்த அலறலுக்கு முன்பே தலையில் குண்டு பாய்ந்திருந்த ரீவா அலறியிருக்க முடியாது. கத்தியவர் பிஸ்டோரியஸாகவே இருக்க வேண்டும்.

இனி முக்கியமான தவறு. 2014 செப்டம்பரில் மசிபா இதைக் கொலை என்று கொள்ளாமல், கவனக்குறைவால் விளைந்த மரணம் என்றே தீர்ப்பளித்தார். தென்னாப்பிரிக்காவில் பொதுமக்கள் குழு தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறை 1969-இலேயே ஒழிக்கப்பட்டதால், உடன் அமர்ந்த இரண்டு மதிப்பீட்டாளர்களோடு நீதிபதியே இதை முடிவு செய்தார். 2015 டிசம்பர் 3 அன்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலைக்குற்றமாக மாற்றியது. ஆனால் உள்ளே இருப்பது ரீவா என்று பிஸ்டோரியஸுக்குத் தெரியும் எனச் சொல்லி அல்ல. கதவுக்குப் பின்னால் யார் இருந்தாலும், ஒளிய இடமில்லாத அந்தச் சிறிய அறைக்குள் நான்கு முறை சுட்டால் ஆள் சாகக்கூடும் என்பதை உணர்ந்தும் அவர் சுட்டார் என்பதே காரணம். நாம் "ரீவா என்று தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டிருக்க, அந்த நீதிமன்றம் "உள்ளே ஒரு மனிதர் இருப்பது தெரியுமா?" என்று கேட்டது.