மல்டிஃப்ளோரா காட்டு ரோஜாவை வேரோட ஒழிக்கிறது எப்படி?

பென்சில்வேனியா, ஒஹாயோ பக்கம் வீடு வாங்கி பின்னாடி கொஞ்சம் காடு இருக்கிறவங்களுக்கு இந்தப் பதிவு. மே, ஜூன்ல கொத்துக் கொத்தா வெள்ளையா பூத்து வாசனை தூக்கும், அழகா இருக்கேன்னு விட்டுடாதீங்க. கிழக்கு ஆசியாச் செடி, 1866ல ரோஜா ஒட்டுக்கட்ட அடிச்செடியா அமெரிக்கா வந்துச்சு, 1930கள்ல மண் அரிப்பைத் தடுக்கும், உயிர்வேலியா நிக்கும்னு அரசாங்கமே விவசாயிங்களை நட வச்சது. இப்ப காட்டுல வேற எதையும் முளைக்க விடாம மூடிக்குது.

முதல்ல அடையாளம். இலைக்காம்பு தண்டோட சேர்ற இடத்துல கண்ணிமை மயிர் மாதிரி இழை இழையா இருந்தா இதுதான். இங்கத்து நாட்டு ரோஜாவுல அது இருக்காது, பூவும் பிங்க். அதைத் தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க.

முழங்கை வரைக்கும் வர்ற லெதர் கிளவுஸ், நீளக் கைப்பிடி லாப்பர் (கிளை வெட்டுற பெரிய கத்தரி) வாங்கிடுங்க. சின்னத் தோட்டக் கத்தரி வேண்டவே வேண்டாம், முள்ளு பின்பக்கமா வளைஞ்சிருக்கும், உள்ள போன கையை லேசுல விடாது. வெளிக்கிளையில ஆரம்பிச்சு உள்ள போங்க. வளைஞ்ச கிளை நுனி மண்ணைத் தொட்ட இடத்துல வேர் விட்டிருக்கும், அது தனிச்செடி, அதையும் பிடுங்கணும்.

இப்ப முக்கியமான ஸ்டெப். வெட்டுனா மட்டும் சாகாது, தூர்லேருந்து இன்னும் அடர்த்தியா துளிர்க்கும். தரையை ஒட்டி வெட்டின உடனே, காயறதுக்குள்ள, கிளைபோசேட்ங்கிற களைக்கொல்லி மருந்தை ஃபோம் பிரஷ்ல தூர் மேல தடவிடுங்க, பட்டையை ஒட்டின வெளிவட்டம் கண்டிப்பா நனையணும். எல்லாத்தையும் வெட்டிட்டு அப்புறமா மொத்தமா தடவலாம்னு நினைக்காதீங்க, ஒண்ணு வெட்டு, ஒண்ணு தடவு. கடையில தண்ணி கலந்தே விக்கிற ஸ்ப்ரே இதுக்குப் பத்தாது, கான்சன்ட்ரேட் வாங்கி லேபிள்ல தூருக்குன்னு போட்டிருக்கிற அளவுல கலக்குங்க. ஆகஸ்ட்லேருந்து அக்டோபர் வரைக்கும் பண்றதுதான் எனக்குப் பிடிச்ச டைம், அப்பதான் செடி சத்தை வேருக்கு இறக்கும், மருந்தும் கூடவே போகும். வசந்தத்துல சாறு மேல ஏறுறப்ப தடவினா அவ்வளவா வேலை செய்யாது.

அப்டேட்: ஓடைக்கரையில இருக்குன்னு கமென்ட்ல கேட்டிருந்தீங்க. அங்க சாதா கிளைபோசேட் கூடாது, நீர்நிலைக்குன்னு லேபிள் போட்டதுதான். மருந்தே வேண்டாம்னா சீசனுக்கு 3லேருந்து 6 தடவை, 2லேருந்து 4 வருஷம் விடாம அறுக்கணும். ஆடு விட்டாலும் நல்லா மேயும்.

பெரிய செடி ஒண்ணு வருஷத்துக்கு பத்து லட்சம் விதை வரைக்கும் போடும், மண்ணுல 20 வருஷம் கூட உயிரோட கிடக்கும். அதனால வருஷா வருஷம் மழை பெஞ்சு மண்ணு இளகினதும் ஒரு சுத்து போய் சின்னக் கன்னுங்களைக் கையாலயே பிடுங்கிடுங்க. சிவப்புப் பழம் இருக்கிற கிளையை மட்டும் கம்போஸ்ட்ல போடாதீங்க.