துவைத்ததும் வட்டம் நீள்வட்டமான கதை

பிள்ளையார் நோன்புக்கு 21 நூலிழைத் திரி ஏற்றி ‘இழை எடுப்பது’ நகரத்தார் வீட்டு வழக்கம். அதையே எம்பிராய்டரி டிசைனாக்கினேன்: நடுவில் விளக்குச் சுடர், சுற்றிலும் 12 செ.மீ. வட்டத்தில் 21 கதிர், ஒவ்வொன்றும் ஒரு வரி காம்புத் தையல் (ஸ்டெம் ஸ்டிட்ச்). துணி, காரைக்குடிக் கண்டாங்கி என்ற கைத்தறிப் பருத்தி.

ஃப்ரேமில் இருந்தவரை அப்பளம் மாதிரி தட்டையாக இருந்தது. ஒருமுறை அலசியதும் கதிருக்குக் கதிர் சுருக்கம். நூலை இறுக்கி இழுத்துவிட்டேன் என்று நினைத்துப் பிரித்து, ஆறு பிரி நூலில் இரண்டு பிரி மட்டும் எடுத்து, தளர்த்திப் புதுத்துண்டில் போட்டேன். அதே கதை. ஈரத்தோடு இஸ்திரி போட்டாலும் மறு அலசலில் சுருக்கம் திரும்பியது. நாலு நாள் போச்சு.

பிறகுதான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். குறுக்கே 12 செ.மீ. அப்படியே, நெடுக்கே 11.4. கை இறுக்கம் என்றால் எல்லாப் பக்கமும் சுருங்கியிருக்கும். இது பாவு, அதாவது நெடுக்கு இழை வாக்கில் மட்டும். தறியில் பாவுதான் கஞ்சி போட்டு விறைப்பாக நிற்பது. தண்ணீர் பட்டதும் தளர்ந்து உள்வாங்குகிறது, தையல் நூல் கூடவே சுருங்குவதில்லை.

துணியை வெட்டாமல் ராத்திரி முழுக்க ஊறவைத்து, கஞ்சி வழவழப்பு போகும்வரை அலசி, முறுக்காமல் நிழலில் காயப்போட்டேன். இரண்டாம் முறையும் அப்படியே. அதன்பின் இஸ்திரி, டிரேசிங், தையல். வேலை நிறுத்தும்போதெல்லாம் ஃப்ரேமைக் கழற்றிவிட்டேன். மெரூன் நூலையும் முன்னதாகவே தனியாக அலசிக்கொண்டேன், அது சாயம் விடும் ஜாதி. மூன்று அலசல் ஆகிவிட்டது; இரண்டு பக்கமும் 12 செ.மீ.