வீட்டுப் பார்ட்டி விற்பனைக்குப் போகும் முன்

"அக்கா, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துடுங்க, சும்மா டீ குடிக்கத்தான்" என்று எங்கள் சேலம் அம்மாபேட்டையில் யாராவது கூப்பிட்டால், என்ன விற்கிறீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பஜ்ஜியைத் தின்றுவிட்டு வெறுங்கையோடு எழுந்து வர நமக்குக் கூச்சம், அந்தக் கூச்சத்தில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. போனை வீட்டில் வைத்துவிட்டு, பர்ஸில் நூறு ரூபாயோடு போங்கள். நான் இரண்டாவது தடவை அப்படித்தான் தப்பித்தேன்.

முதல் தடவை? அந்தக் கம்பெனியில் விற்பவளாகவே சேர்ந்துவிட்டேன். நாத்தனார், எதிர்வீட்டு அக்கா, பள்ளி வாசலில் பழகிய அம்மாக்கள் எல்லாரும் ஆளுக்கொரு டப்பா வாங்கினார்கள், மூன்றாவது மாதம் கூப்பிட ஆளில்லை, கம்பெனி வைத்த மாத இலக்கு மட்டும் அப்படியே நின்றது, அதை எட்ட என் காசில் நானே வாங்கியவை இன்னும் பரணில் கிடக்கின்றன. நாத்தனார் இப்போது என் போனை எடுப்பதே யோசித்துத்தான்.

அதனால் சேர்வதாக இருந்தால் ஒரு நோட்டுப் போடுங்கள். பலகாரம், பால், ஆட்டோ, பரிசுப் பொருள், கடன் சொல்லிப் போனவர்கள், எல்லாம் கழித்து நிற்பதுதான் லாபம். அதே மாதிரி டப்பா செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் என்ன விலை என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், கம்பெனியிடம் எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். அபராதமில்லாமல் விலக எத்தனை நாள் என்று அதில் பாருங்கள். பொருளை விட்டுவிட்டு ஆள் சேர்த்தால்தான் காசு என்றால் அது பிரமிடு திட்டம், கடை இல்லாமல் ஆள் மூலம் விற்பதற்கான 2021 நேரடி விற்பனை விதிகள் அதைத் தடை செய்கின்றன. நுகர்வோர் புகாருக்கு 1915 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள்.