கினி பிக் என்பது குட்டி முயல் அல்ல

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது ஒரு முயல். அது போய் இரண்டு வருடம் கழித்து ஒரு ஜோடி கினி பிக், அதாவது கொறித்துத் தின்னும் சிறு பிராணிகள், வந்தன. இரண்டையும் வளர்த்திருக்கிறேன் என்று தெரிந்தால் உடனே வருகிற கேள்வி, "எது பாசமா இருக்கும்?" என்பதுதான். என் பதில் இது: மடியில் உட்காரவும், நம் காலடிச் சத்தம் கேட்டாலே குரல் கொடுக்கவும் கினி பிக். தானாகத் தேடி வந்து காலைச் சுற்றவும் பக்கத்தில் படுக்கவும் முயல். ஆனால் இரண்டுமே நாய்க்குட்டி மாதிரி பாசம் காட்டும் என்று எதிர்பார்த்து வாங்குபவர்கள் அந்தப் பிராணிகளை ரொம்பவே கஷ்டப்படுத்திவிடுகிறார்கள். நானும் படுத்தியிருக்கிறேன்.

கினி பிக் வந்த முதல் வாரம். மகள் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் அது அசையவே இல்லை. "எவ்வளவு சமத்து பாரு" என்று எல்லோரும் பூரித்துப் போனோம். அது சமத்து இல்லை, பயம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியில் மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இறைச்சிக்காக வளர்த்துவந்த பிராணி இது. காட்டில் இருந்த அதன் முன்னோர்கள் பருந்துக்கும் நரிக்கும் இரை. ஓட வழியில்லை என்றால் உறைந்துபோவதுதான் அதன் தற்காப்பு. கண் விரிந்து, உடம்பு விறைத்து, காது அசையாமல் இருந்தால் அது நம்மை நேசித்துக்கொண்டிருக்கவில்லை, நாம் விடும் நேரத்துக்காகக் காத்திருக்கிறது.

முயலிடமும் இதே தவறைச் செய்கிறோம். மல்லாக்கத் திருப்பிப் பிடித்தால் முயல் மயங்கியது போலக் கிடக்கும். "தூங்குது பாருங்க" என்று வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். அதுவும் பயத்தில் வரும் விறைப்புதான். திமிறி உதைத்தால் அதன் முதுகெலும்பே உடையலாம், அவ்வளவு மெல்லிய எலும்பு. எந்தப் பிராணியைத் தூக்கினாலும் ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்னங்கால்களுக்கு அடியில் இருக்க வேண்டும். சின்னக் குழந்தைகள் தரையில் உட்கார்ந்துதான் தொட வேண்டும்.

அப்படியென்றால் பாசத்தை எப்படித் தெரிந்துகொள்வது? மடியில் இருக்கும்போதே கினி பிக் எதையாவது மென்று தின்றால், காலை நீட்டிப் படுத்தால், தொண்டைக்குள் தாழ்ந்த குரலில் குருகுருவென்று ஒலி எழுப்பினால், அது நிம்மதியாக இருக்கிறது. சந்தோஷம் அதிகமானால் நின்ற இடத்திலேயே பாப்கார்ன் பொரிவது மாதிரி துள்ளும். ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தத்துக்கும், கீரைப் பை சரசரக்கும் சத்தத்துக்கும் 'வீக் வீக்' என்று வீடே அதிரக் கத்தும். அந்தக் குரல் பெரும்பாலும் மனிதர்களைக் கூப்பிடத்தான். பல்லை நறநறவென்று அடித்தால் கோபம், உடனே கையை எடுத்துவிடுங்கள். முயலுக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம். தாடையை நம் மேல் தேய்க்கும், தலையைத் தாழ்த்தித் தடவச் சொல்லும், பல்லை மெதுவாக உரசும். பின்காலால் தரையைத் தட்டினால் எச்சரிக்கை.

நாங்கள் அப்புறம் தூக்குவதையே நிறுத்திவிட்டோம். தினமும் சாயங்காலம் தரையில் உட்கார்ந்து, கொத்தமல்லித் தண்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்போம். மூன்றாவது வாரம் ஒன்று மட்டும் மகளின் முட்டியில் முன்காலை வைத்து நின்றது. அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது, துணை இல்லாமல் ஒன்றை மட்டும் வளர்ப்பது. கினி பிக் கூட்டமாக வாழும் பிராணி. சுவிட்சர்லாந்தில் 2008இல் கொண்டுவந்த விலங்குநல விதிகளின்படி ஒற்றைக் கினி பிக்கை வைத்திருக்கவே கூடாது. சரி, துணைக்கு ஒரு முயலை விடலாமே என்று தோன்றும். வேண்டாம். முயலின் ஓர் உதை கினி பிக்கின் எலும்பை முறிக்கும். அதைவிட மோசம், முயலின் மூக்கில் தொந்தரவே தராமல் குடியிருக்கும் போர்டெடெல்லா என்ற பாக்டீரியா கினி பிக்குக்கு நிமோனியாவைக் கொண்டுவரலாம். முயலுக்குத் துணை முயல், கினி பிக்குக்குத் துணை கினி பிக்.

அந்தத் துணை ஆணா பெண்ணா என்பதைக் கடைக்காரர் வாயை நம்பி முடிவு செய்யாதீர்கள். "ரெண்டும் பொண்ணுதான் சார்" என்று சொல்லித்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் மூன்று குட்டிகள். முயல் குட்டி கண் திறக்காமல், முடி இல்லாமல் பிறக்கும். கினி பிக் 59 முதல் 72 நாள் சுமப்பதால் குட்டி முடியும் பல்லும் திறந்த கண்ணுமாக வந்து, சில மணி நேரத்தில் ஓட ஆரம்பித்துவிடும். பார்க்க அழகுதான். ஆனால் ஏழு மாத வயதுக்கு மேல் முதல்முறை கருத்தரிக்கும் பெண்ணுக்கு இடுப்பெலும்பு இறுகிப்போயிருந்தால் பிரசவத்தில் உயிரே போகலாம். பெண் குட்டி நாலைந்து வாரத்திலேயே கருத்தரிக்கும் என்பதால் ஆண் குட்டிகளை மூன்றாவது வாரமே பிரித்துவிட வேண்டும்.

சாப்பாட்டில் நடக்கும் தவறுதான் அதிகம் கொல்கிறது. முயல் தன் உடம்பிலேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும். கினி பிக்கால் முடியாது, நம்மைப் போலவே. கடையில் "முயல் தீவனம்தான் சார், இதுக்கும் போடலாம்" என்று ஒரு பொட்டலத்தைக் கொடுப்பார்கள். அதில் வைட்டமின் சி இருக்காது. சில வாரங்களிலேயே நடை விறைக்கும், மூட்டு வீங்கும், ரோமம் முரடாகும், தொட்டால் வலியில் கத்தும். 'பாசமா இருந்தது, இப்ப தொடவே விடமாட்டேங்குது' என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, என்ன போடுகிறீர்கள் என்றுதான். கிலோ எடைக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி தேவை. தினம் ஒரு துண்டு குடைமிளகாயும் கொஞ்சம் கொத்தமல்லியும் போதும். கொய்யாவில் இது நிறைய உண்டு, ஆனால் இனிப்பும் உண்டு என்பதால் எப்போதாவது ஒரு சின்னத் துண்டு. தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பது வீண், வெளிச்சம் பட்டதுமே சத்து குறைய ஆரம்பித்துவிடும்.

இரண்டுக்குமே பல் ஆயுள் முழுக்க வளரும், தேய்வதற்குப் புல் வேண்டும். சாப்பாட்டில் பெரும்பங்கு புல்லாகவே இருக்கட்டும். இறக்குமதித் திமோதி புல் விலை கட்டுப்படி ஆகாதவர்கள், கோயில் வாசலில் பிள்ளையாருக்கு விற்கும் அருகம்புல்லைக் கழுவி, ஈரம் வடியவைத்துக் கொடுக்கலாம். வைக்கோல் படுக்கைக்கு ஆகும், பசிக்கு ஆகாது. சோறு, ரொட்டி, பிஸ்கெட், உருளைக்கிழங்கு, வெங்காயம் எதுவும் வேண்டாம்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 30 டிகிரிக்கு மேல் போனாலே இரண்டுக்கும் ஆபத்து, நம் ஊர் மே மாதம் 40ஐத் தொடுகிறது. பால்கனிக் கூண்டும் மொட்டைமாடிக் கூண்டும் அந்த மாதத்தில் அடுப்பு மாதிரி. வீட்டிலேயே குளிர்ச்சியான அறைத் தரையில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தால் அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். அடியில் கம்பிவலை இருக்கும் கூண்டு இரண்டுக்கும் ஆகாது, பாதம் புண்ணாகிவிடும்.

இரை பிராணிகள் நோயை மறைக்கும். அரை நாள் சாப்பிடவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், குடல் நின்றுவிடும். முயல், கினி பிக் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் யார் என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். நமக்கு எழுதிக் கொடுத்த அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை வாய்வழியாகக் கொடுத்துவிடாதீர்கள், அது குடலின் நல்ல பாக்டீரியாக்களை அழித்து உயிரையே எடுத்துவிடும். கினி பிக்கைச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். ஒரே வாரத்தில் 50 கிராமுக்கு மேல் குறைந்தால் தினமும் எடை பாருங்கள், 100 கிராம் குறைந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை அது மகளின் வேலை. தராசில் ஒரு துண்டு குடைமிளகாயை வைத்தால் இரண்டும் தானாகவே ஏறி உட்கார்ந்துகொள்கின்றன.