ஏழாம் மாதத்துக் குறட்டை

ஏழாம் மாதம் தொடங்கியபோதுதான் குறட்டை வந்தது. "வயித்துப்பிள்ளக்காரிக்கு அப்படித்தான் மக்களே" என்றார் மாமி. நானும் விட்டுவிட்டேன். காலையில் எழும்போதே தலை இடிக்கும். தக்கலையில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். வடசேரியில் கண்டக்டர்தான் எழுப்புவார்.

ஒரு ராத்திரி என் வீட்டுக்காரர் போனில் பதிவு செய்து காட்டினார். குறட்டை, குறட்டை, அப்புறம் ஒன்றுமேயில்லை. ஓட்டில் மழை விழும் சத்தம் மட்டும். பத்துப் பதினைந்து நொடி கழித்து மூச்சுத் திணறி ஒரு இழுப்பு. அது நான்தான் என்று நம்பவே முடியவில்லை.

முன்பு ஓரிடத்தில் வாயால் சொன்னபோது "அசதி சகஜம்" என்று அனுப்பிவிட்டார்கள். இந்த முறை வேறு டாக்டரிடம் பதிவையே போட்டுக் காட்டினேன். உடனே பிரஷர் பார்த்தார்: 142/90. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் இந்த ஸ்லீப் அப்னியா இருக்கும் கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வரும் வாய்ப்பு கூடுதலாம். மூக்குச் சவ்வு வீங்குவதும் எடை ஏறுவதும் மூச்சுப்பாதையைச் சுருக்குகின்றன. தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 18 தடவை மூச்சுத் தடை. 15-ஐத் தாண்டினால் நடுத்தர வகை.

மூச்சுப்பாதை மூடிக்கொள்ளாமல் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சீபாப் மெஷினை வாடகைக்கு எடுத்தோம். முதல் மூன்று நாள் எரிச்சல்தான். மாஸ்க் மூக்குத் தண்டில் விசிலடித்தது. வாரை இறுக்க இறுக்க இன்னும் கசிந்தது. படுத்த பிறகு, மெஷின் ஓடும்போதே வாரைச் சற்றுத் தளர்த்தினேன், நின்றுவிட்டது. இடப்பக்கம் ஒருக்களித்து, முதுகுக்கு ஒரு தலையணை. ஒரு வாரத்தில் காலைத் தலைவலி போனது. பிரஷர் மாத்திரை மட்டும் தொடர்ந்தது.

அப்புறம் மாமி தினமும் "மெஷின் போட்டாச்சா மக்களே?" என்று கேட்டுவிட்டுத்தான் படுப்பார்.