வாட்டர் அயனைசருக்குள் என்ன நடக்கிறது? மஞ்சள்தூளை வைத்தே பார்த்துவிடலாம்

வாட்டர் அயனைசர் என்பது மின்சாரத்தை வைத்துக் குழாய்த் தண்ணீரைக் காரத் தண்ணீர், அமிலத் தண்ணீர் என்று இரண்டாகப் பிரிக்கும் மெஷின் (காரம் என்றால் இங்கே அமிலத்துக்கு எதிரானது). அதை விற்க வருபவர் இரண்டு டம்ளரில் தண்ணீர் பிடித்து ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மருந்து விடுவார். ஒன்று ஊதாவாக மாறும், இன்னொன்று மஞ்சளாகும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்த வித்தையை வீட்டிலேயே செய்துவிட்டால் மெஷினின் பாகங்கள் தானாகப் புரிந்துவிடும்.

தேவையான பொருட்கள்: 9 வோல்ட் பேட்டரி ஒன்று, இரு முனையும் சீவிய இரண்டு பென்சில், கிளிப் வைத்த இரண்டு ஒயர், இரண்டு சின்னக் கண்ணாடி டம்ளர், பழைய பருத்தித் துணியில் ஒரு பட்டை. ஒயரும் பேட்டரியும் சென்னையில் பாரிமுனையிலோ ரிச்சி தெருவிலோ சுலபமாகக் கிடைக்கும். மற்றதெல்லாம் சமையலறையில் இருக்கிறது.

முதலில், இரண்டு டம்ளரிலும் கேன் தண்ணீரைப் பாதி அளவு ஊற்றுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் மஞ்சள்தூளும் போட்டுக் கலக்குங்கள். துணிப்பட்டையை உப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரு முனை இந்த டம்ளரிலும் மறு முனை அந்த டம்ளரிலும் முங்கும்படி போடுங்கள்.

அடுத்து, டம்ளருக்கு ஒரு பென்சிலை நிறுத்தி, மேல் முனைகளில் ஒயரை மாட்டி பேட்டரியோடு இணையுங்கள். கிளிப் தண்ணீரில் படக்கூடாது. செம்புக் கம்பியை நேராகத் தண்ணீரில் விட்டால் பிளஸ் பக்கம் அது கரைய ஆரம்பித்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், காரணம் பின்னால் வருகிறது.

கொஞ்ச நேரம் பொறுங்கள். மைனஸ் பக்கத்துப் பென்சில் முனையில் பொடிப் பொடியாகக் குமிழி ஒட்டும். அதைச் சுற்றி மஞ்சள் நிறம் மெல்லச் செம்பழுப்பாக மாறும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தித் தட்டில் வரும் அதே சிவப்புதான். தண்ணீர் அந்தப் பக்கம் காரமாகிவிட்டது என்று அர்த்தம். பிளஸ் பக்கம் நிறம் வெளுக்கும், பிளீச்சிங் பவுடர் வாசம்கூட வரலாம். உப்பில் உள்ள குளோரைடு அங்கே குளோரினாக மாறுகிறது. ஜன்னல் அதற்குத்தான். பார்த்து முடித்ததும் இந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், குடிக்க வேண்டாம்.

மைனஸ் முனையில் தண்ணீர் மூலக்கூறு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு பிரிகிறது. ஹைட்ரஜன் வாயுவாகப் போய்விட, ஹைட்ராக்சைடு அயனி (மின்னேற்றம் உள்ள துகள்) தங்குவதால் பி.எச். எனும் அமில-கார அளவு காரப் பக்கம் ஏறுகிறது. பிளஸ் முனையில் ஆக்சிஜன் வெளியேறி ஹைட்ரஜன் அயனி தங்குகிறது, அங்கே பி.எச். இறங்குகிறது. கால்சியம், மெக்னீசியம் அயனிகள் மைனஸ் பக்கம் இழுபடும். அயனைசர் செய்யும் வேலை மொத்தமும் இவ்வளவுதான்.

இப்போது மெஷினுக்கு வருவோம். பேட்டரி இருந்த இடத்தில், வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தைக் குறைந்த வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றும் பவர் சப்ளை இருக்கும். பென்சிலுக்குப் பதில் பிளாட்டினம் பூசிய டைட்டானியம் தகடுகள். 5, 7, 9 என்று தகட்டு எண்ணிக்கையைச் சொல்லித்தான் விலையை ஏற்றுவார்கள். ஆனால் எண்ணிக்கை மட்டும் பார்த்தால் போதாது, தகட்டின் பரப்பும் அதில் பாயும் மின்சாரமும் சேர்ந்துதான் கணக்கு. துணிப்பட்டையின் வேலையைத் தகடுகளுக்கு இடையே இருக்கும் மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு செய்கிறது. அயனியை விடும், இரண்டு தண்ணீரையும் கலக்க விடாது. தகடுகளுக்கு முன்னால் குளோரினையும் வாடையையும் பிடிக்கக் கார்பன் ஃபில்டர் ஒன்று உண்டு. ஓடும் தண்ணீரின் வேகத்தை அளக்கும் சென்சாரும், காரத்துக்கு ஒன்று அமிலத்துக்கு ஒன்று என இரண்டு வெளிக்குழாய்களும் இருக்கும். பிளஸையும் மைனஸையும் அவ்வப்போது மாற்றிவிட்டுத் தகட்டில் படிந்த சுண்ணாம்பைக் கழற்றும் ஏற்பாடும் பெரும்பாலான மெஷின்களில் இருக்கிறது.

சரி, மூன்றாவது வேலை. அதே சோதனையை உப்புப் போடாத கேன் தண்ணீரில் செய்யுங்கள். நிறம் லேசில் மாறாது. கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்.ஓ. முறையில் உப்பை வடிகட்டியது, அதில் மின்சாரத்தைக் கடத்தும் உப்புகள் மிகக் குறைவு. போர் தண்ணீரில் செய்தால் உப்புப் போடாமலே குமிழி வரும். நம் பக்கத்துச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பு. மெஷினுக்கு அது பிடிக்கும், நமக்குக் குடிக்க முடியாது. குடிக்க முடிகிற கேன் தண்ணீரிலோ மெஷின் சரியாக வேலை செய்யாது.

அயனைசர் சுத்திகரிப்பு மெஷின் கிடையாது. உப்பை எடுக்காது, நைட்ரேட்டை எடுக்காது, கிருமிக்கும் அதை நம்ப முடியாது. டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) மீட்டரைத் தண்ணீர் உள்ளே போகுமுன் ஒரு தடவை, வெளியே வந்தபின் ஒரு தடவை வைத்துப் பாருங்கள், பெரிய மாற்றம் இருக்காது. குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐ.எஸ். 10500 டி.டி.எஸ்ஸுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்கிறது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. பி.எச். 6.5 முதல் 8.5 வரை. மெஷினில் ‘குடிக்க’ என்று போட்ட பட்டன் பல நேரம் 9-ஐத் தாண்டிவிடும்.

எனவே அயனைசர் பொருத்துவதென்றால் சென்னைக் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் குழாயில்தான் யோசிக்க முடியும். புழல் ஏரித் தண்ணீர் வட சென்னையின் பல பகுதிகளுக்கு வருகிறது, 2010-இல் திறந்த காட்டுப்பள்ளி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையின் தண்ணீரும் வந்திருக்கிறது. அப்புறம் அழுத்தம். ஓடுகிற தண்ணீரில்தான் மெஷின் வேலை செய்யும். அடிபம்பில் அடித்துக் குடத்தில் பிடிக்கிற வீட்டில் மாட்டவே முடியாது. மொட்டைமாடித் தொட்டி அடுப்படிக்கு நேர் மேலே இருந்தாலும் வேகம் போதாமல் போகலாம். அமிலக் குழாய் வழியாக ஒரு பங்கு தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு மனசு வராது. பக்கெட்டில் பிடித்துத் தரை துடைக்கலாம்.

உடம்புக்கு நல்லதா? ஜப்பானில் இதை வயிற்றுக் கோளாறுக்கான வீட்டு மருத்துவக் கருவியாக அங்கீகரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சர்க்கரை நோய், புற்றுநோய் குணமாகும் என்று யாராவது நீட்டினால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ரத்தத்தின் பி.எச்-ஐ 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் வைத்திருப்பது நுரையீரலும் சிறுநீரகமும்தான், டம்ளர் தண்ணீர் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். மாத்திரையைச் சாதாரணத் தண்ணீரிலேயே விழுங்குங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வாங்குகிறீர்கள் என்றால், ஃபில்டரும் மெம்பிரேனும் உள்ளூரில் கிடைக்குமா, மாற்ற என்ன செலவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் கட்டுகிற தண்ணீரென்றால் தகட்டிலும் கட்டும். சிட்ரிக் அமிலம் விட்டுக் கழுவும் முறையைப் பொருத்த வருபவரிடம் செய்துகாட்டச் சொல்லுங்கள்.